எடை மட்டும் போதுமா?

பெங்களூருக்குப் படிக்கச் செல்லும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அல்சூர் அந்நிய இடமன்று. ஏரிக்கரை அருகே திருவள்ளுவர் சிலை நிற்கிறது. தமிழ்ச் சங்கம் இயங்குகிறது. கடைத்தெருவில் தமிழ் ஒலிக்கிறது. ஆயினும் வீட்டுச் சமையல் அவர்களுடன் செல்வதில்லை. விடுதி உணவு பிடிக்காத இரவுகளில் பேக்கரி பஃப்ஸும் தேநீரும் உணவாகின்றன. விடுமுறைக்கு வரும் பிள்ளையை, ‘இளைத்துவிட்டாய்’ என்றோ ‘பருத்துவிட்டாய்’ என்றோ கண்ணால் பார்த்தே நாம் முடிவுகட்டுகிறோம்.

கல்லூரியின் முதலாண்டில் 15 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 7 கிலோ எடை கூடும் என்பது அமெரிக்காவில் வழங்கும் பேச்சு. அளந்து பார்த்த ஆய்வுகளில் சராசரிக் கூடுதல் 2 கிலோவுக்கும் குறைவே. எனவே அச்சம் வேண்டாம், கவனம் வேண்டும்.

எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீட்டெண். உலக அளவில் 25 முதல் மிகை எடை. இந்தியருக்கு 23 முதலே என்பது 2009இல் நம் மருத்துவ வல்லுநர்கள் வகுத்த வரையறை. 170 செ.மீ. உயரமும் 68 கிலோ எடையும் உடையவரின் குறியீட்டெண் 23.5. அவர் இப்போதே கவனமாயிருக்க வேண்டியவர்.

இதன் காரணத்தை ஓர் ஒப்பீடு விளக்கும். புணே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் தம்மையே அளந்து, 2004இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். இருவரின் குறியீட்டெண்ணும் 22.3. உடற்கொழுப்போ யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு! மெலிந்த தோற்றத்திலும் கொழுப்பு மறைந்திருக்கலாம். ஆகவே இடுப்பளவும் முக்கியம்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினால் எச்சரிக்கை.

உணவைக் கைவிட்டு மெலிவது தீர்வாகாது. கொழுப்புடன் தசையும் கரையும். தட்டில் பாதி காய், கீரை, பழம் இருக்கட்டும். மறுபாதியில் தானியத்துடன் பருப்பு, சுண்டல், முட்டை, தயிர் ஆகியவற்றுள் இயன்றவை இடம்பெறட்டும்.

வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பும், இரு நாள் தசைப் பயிற்சியும் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் விரைந்து நடந்தால் முதற்கணக்கு நேராகிவிடும். அல்சூரில் தங்கும் மாணவர் டிரினிட்டி மெட்ரோ நிலையத்திலேயே இறங்கி நடந்தால் அதில் ஒரு பகுதி வீடு திரும்பும் வழியிலேயே முடியும். தண்டாலுக்கும் உட்கார்ந்தெழுதலுக்கும் விடுதி அறையே போதும்.

மாதந்தோறும் பணம் அனுப்பும் பெற்றோர், பழத்திற்கும் காலை உணவிற்கும் ஒரு தொகையைத் தனியே குறித்து அனுப்பலாம். அடுத்த விடுமுறையில் பிள்ளையின் தோற்றத்தைப் பற்றிப் பேசுமுன், ஓர் அளவுநாடாவை எடுத்து, வீட்டிலுள்ள அனைவரும் சேர்ந்தே அளந்து பார்ப்போம்.