மேடு வைத்த தேர்வு

அபர்டீன் பஜாரின் மணிக்கூண்டைச் சுற்றியுள்ள தெருக்கள் மேடும் பள்ளமுமானவை. எங்கள் போர்ட் பிளேரில் (2024-இல் அது ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது) பாரம் ஏற்றிய பழைய வண்டிகள் மேடேறும்போது முனகுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சமவெளியில் விரைந்தோடும் வண்டி, மேட்டில் மெல்ல ஊரும்போது ஏன் மிகுதியாகச் சூடேறுகிறது? மன்னர்களும் செல்வர்களும் வாங்கிய முற்கால மோட்டார் கார்களும் இக்கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டியிருந்தது.

காரணம் எளிது. எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஒரு பகுதியே சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எஞ்சினைச் சூழ்ந்துள்ள தண்ணீருக்குப் போகிறது. அத்தண்ணீர் ரேடியேட்டர் வழியே பாயும்போது எதிர்க்காற்று அதனைக் குளிர்விக்கிறது. சமவெளியில் வேகம் மிகுதி, காற்றும் மிகுதி. மேட்டிலோ எஞ்சின் முழு வலிமையுடன் உழைக்கிறது. வண்டி மெல்ல நகர்கிறது. வெப்பம் பெருகுகிறது, காற்று குறைகிறது. விசிறி ஒன்றே துணை!

நம் நாட்டு வெயில் மற்றுமொரு சுமை. தண்ணீர் சென்டிகிரேடு 100 பாகையில் கொதிக்கும். வெளிக்காற்று 15 பாகையாயின் இடைவெளி 85. காற்று 35 பாகையாயின் இடைவெளி 65 தான். தண்ணீரிலிருந்து வெளியேறும் வெப்பம் இவ்விடைவெளியைப் பொறுத்தது. ஆகவே, குளிர்நாட்டில் போதுமானதாய் இருந்த ரேடியேட்டர், இங்கே ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு திறனை இழந்துவிடும். மலைமேல் செல்லச் செல்லக் கொதிநிலையும் தாழும்.

இதனை எண்ணும்போதுதான் 1908-இல் நடந்த பம்பாய்–கோலாப்பூர் சோதனையின் அருமை விளங்கும். 'கிழக்கின் முத்து' எனப் பெயரிட்ட ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் கார், ஆறு மலைக்கணவாய்களைக் கடந்து 620 மைல் ஓடி வெற்றி கண்டது. பின்னர் குவாலியர் மன்னர் அதனை வாங்கினார்.

1911-இல் அவ்வகைக் கார் ஒன்று லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு டாப் கியரிலேயே ஓடியது; புரூக்லண்ட்ஸ் ஓடுகளத்தில் மணிக்கு 78 மைல் வேகமும் காட்டியது. இதைவிட என்ன சான்று வேண்டும் என்று பலர் எண்ணியிருக்கலாம். ஆனால், மறு ஆண்டே ஆல்ப்ஸ் மலைச் சோதனையில், காட்ச்பெர்க் ஏற்றத்தில் அவ்வகைக் கார் திணறி நின்றது; பயணிகள் இறங்கிய பின்னரே நகர்ந்தது. அதற்கு இருந்தவை மூன்று கியர்களே. செங்குத்தான மேட்டுக்கு அவை போதவில்லை.

நிறுவனம் அத்தோல்வியை மூடி மறைத்துவிட்டு இருந்திருக்கலாம். மாறாக, நான்கு கியர்களும் பெரிய ரேடியேட்டரும் கொண்ட கார்களை 1913-இல் அதே சோதனைக்கு அனுப்பியது. அவை சிறப்புடன் மலையேறின.

ஆகவே, எஞ்சினியரிங் பயிலும் நண்பர்களே, ஒரு வண்டியின் வேகத்தை மட்டும் கேட்டு வியந்துவிடாதீர்கள். முழுப் பாரத்துடன், கோடைப் பகலில், அது எந்த மேட்டில் ஏறிற்று என்றும் கேளுங்கள்.