ஐந்து சதவீத வெளிச்சம்

மார்கழிக் காலையில் குளித்துத் துவட்டிக் கொஞ்ச நேரம் ஆன பிறகு, முழங்கைக்குக் கீழே நகத்தால் லேசாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். வெள்ளையாக விழும். அதன்மேல் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் கோடு காணாமல் போகும். எண்ணெய் எதையும் துடைத்து எடுத்துவிடவில்லை. துடைத்து எடுக்க அங்கே வெள்ளைப் பொருள் எதுவும் இருக்கவும் இல்லை. இருந்தது காற்று.

நகம் பட்டதும் தோலின் மேலுள்ள இறந்த செல்கள் விளிம்பு தூக்கி நிற்கின்றன. அவற்றுக்கு இடையே காற்று புகுந்துகொள்கிறது. செல்லிலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து அடுத்த செல்லுக்கு என ஒவ்வோர் எல்லையைத் தாண்டும்போதும் ஒளியில் கொஞ்சம் திரும்பிச் சிதறுகிறது. எல்லா நிறங்களும் ஒருசேரச் சிதறினால் நம் கண்ணுக்கு அது வெள்ளை. காற்றின் ஒளிவிலகல் எண் 1. தோலின் மேற்படலத்துக்குச் சுமார் 1.55. தேங்காயெண்ணெய்க்கு 1.45. காற்று இருந்த இடத்தில் எண்ணெய் வந்து உட்கார்ந்ததும் எல்லைகள் ஏறக்குறைய அழிந்துபோகின்றன. ஒளி தடங்கலின்றி உள்ளே இறங்குகிறது.

வறண்டு களையிழந்த முகத்துக்கென்று கடைகளில் விற்கும் ‘ரேடியன்ட்’ வகைத் திரவ ஃபவுண்டேஷனின் அடிப்படை இந்த ஒரு சொட்டு எண்ணெயில் அடங்கிவிடுகிறது. ஆனால் எண்ணெய் தடவிய முகம் வழிகிறது என்பார்கள். ஃபவுண்டேஷன் பூசிய முகம் பொலிகிறது என்பார்கள். இந்த வித்தியாசத்தைக் கொண்டுவரத்தான் வேதியியலும் ஒளியியலும் இவ்வளவு பாடுபடுகின்றன.

உதிர மறுக்கும் தோல்

கண்ணாடியில் நாம் பார்க்கும் முகத்தின் மேற்பரப்பு உயிரற்றது. ‘ஸ்ட்ராட்டம் கார்னியம்’ எனப்படும் இந்தப் படலம், பதினைந்து இருபது அடுக்குத் தட்டைச் செல்களால் ஆனது. உடலின் பெரும்பாலான இடங்களில் இதன் மொத்தக் கனமே 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். அமெரிக்கத் தோல் ஆய்வாளர் பீட்டர் எலியாஸ் இதைச் செங்கல் சுவருக்கு ஒப்பிட்டார். செல்கள் செங்கல், இடையில் நிறைந்திருக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சாந்து. உடலின் நீர் வெளியே ஆவியாகிப் போகாமல் காப்பது பெரும்பாலும் இந்தச் சாந்துதான்.

அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். வயது ஏற ஏற நாளும் கூடும். செல்களைப் பிணைத்திருக்கும் புரதக் கட்டுகளை வெட்டி விடுவிப்பவை நொதிகள். அந்த நொதிகள் வேலை செய்ய நீர் வேண்டும். மேற்படலத்தில் நீர் 20, 30 சதவீதம் இருக்கும்வரை செல்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் தோல் விறைக்கிறது, நொதிகள் மந்தமாகின்றன, செல்கள் உதிராமல் கொத்துக் கொத்தாகச் செதிலாகி நிற்கின்றன. நாளெல்லாம் ஏசி அறையில் இருப்பதும், சுடச்சுடத் தண்ணீரில் குளிப்பதும், காரச் சோப்பை முகத்தில் தேய்ப்பதும் இதைத்தான் செய்கின்றன. முகம் களையிழந்தது என்று நாம் சொல்வது அந்தச் செதில்களைத்தான். நகக்கோட்டில் நடந்தது இப்போது முகம் முழுக்க நடக்கிறது.

இரண்டு வெளிச்சங்கள்

ஒரு முகத்திலிருந்து நம் கண்ணுக்கு வருவது இரண்டு வகை ஒளி. நேராக வந்து விழும் ஒளியில் ஏறக்குறைய 5 சதவீதம் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. அதற்குத் தோலின் நிறம் கிடையாது, விளக்கின் நிறம்தான். மீதி உள்ளே போய், மெலனினிடமும் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினிடமும் கொஞ்சம் இழந்து, பலமுறை சிதறி வெளியே வருகிறது. நம் நிறம் என்பது இப்படி உள்ளே போய் மீண்ட ஒளி. தோல் மருத்துவர்கள் இந்த இரண்டையும் பிரித்தே பார்ப்பதுண்டு. விளக்கிலும் கேமராவிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக முனைவாக்க வடிப்பான்களை வைத்துப் படமெடுத்தால் மேற்பரப்பு ஒளி அடைபட்டுவிடும். மினுக்கம் மறைந்து, மங்குத் திட்டுகளும் சிறு இரத்தக் குழாய்களும் துலக்கமாகத் தெரியும்.

அந்த 5 சதவீதம் எப்படித் திரும்புகிறது என்பதில்தான் பொலிவின் சூட்சுமம் இருக்கிறது. மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் ஒளி ஒரே திசையில் திரும்பும். கன்ன மேட்டிலும் மூக்குத்தண்டிலும் தெளிவான ஒளித்தடம் விழும். செதில் செதிலாக இருந்தால் அதே ஒளி எட்டுத் திசையிலும் சிதறி, முகம் முழுவதும் சாம்பல் நிறத் திரையாகப் படரும். ஒழுங்காகத் திரும்பினால் மினுக்கம், ஒழுங்கின்றித் திரும்பினால் மங்கல்.

இந்த 5 சதவீதத்துக்கு நிற பேதமும் கிடையாது. கறுப்போ மாநிறமோ சிவப்போ, மேற்பரப்பில் திரும்பும் பங்கு ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது உள்ளிருந்து மீளும் ஒளி. கருஞ்சருமத்தில் அது குறைவு. பின்னணி இருண்டிருப்பதால் மேற்பரப்பின் மினுக்கம் இன்னும் எடுப்பாகத் தெரிகிறது. வறட்சியின் சாம்பல் பூச்சும் அதே காரணத்தால் அங்கே சட்டென்று தெரிந்துவிடுகிறது. பொலிவு வேறு, வெளுப்பு வேறு என்பது ஒளியியலில் எப்போதோ முடிந்துபோன விஷயம். இந்தியச் சந்தைக்கு அது வந்து சேரத்தான் நாளாயிற்று. ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல்தான் ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது.

பாட்டிலுக்குள்

முகத்தின் மினுக்கத்தை அடக்குவதுதான் வெகுகாலம் ஒப்பனையின் வேலையாக இருந்தது. ஸ்டுடியோ விளக்கின் சூட்டில் வேர்த்து மின்னும் முகம் திரைக்கு ஆகாது. வண்ணப் படங்களுக்காக மேக்ஸ் ஃபேக்டர் 1930களின் பிற்பகுதியில் கொண்டுவந்த ‘பான்கேக்’ மினுக்கத்தைக் கொன்று சீரான நிறம் தந்தது. நம் வீடுகளில் முகம் கழுவியதும் பூசிக்கொள்ளும் பவுடரும் அந்தக் கட்சிதான். டால்க் எண்ணெயை உறிஞ்சும், ஒளியைச் சிதறடிக்கும். எண்ணெய்ச் சருமத்துக்கு அது சரி. வறண்ட முகத்தில் ஏற்கெனவே இருக்கும் சிதறலோடு அது இன்னொரு சிதறலைச் சேர்த்துவிடும்.

ரேடியன்ட் ஃபவுண்டேஷன் எதிர்த்திசையில் போகிறது. அதில் பெரும்பகுதி நீரும் சிலிக்கோன் எண்ணெயும்; ஒன்றுக்குள் ஒன்று நுண்துளிகளாகப் பிரிந்து நிற்கும் பால்மம். கிளிசரின் நீரைப் பிடித்து வைக்கிறது. டைமெத்திக்கோன் போன்ற சிலிக்கோன்கள் செதில்களின் இடுக்குகளில் இறங்கிக் காற்றை வெளியேற்றுகின்றன. நிறம் தருபவை சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள். நம் செம்மண்ணுக்குச் சிவப்பு தருவதும் இரும்பு ஆக்சைடுதான். மறைப்பைத் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் ஒளிவிலகல் எண் 2.5க்கும் மேல் என்பதால் சிறு துகளும் ஒளியைப் பலமாகச் சிதறடிக்கும். அதை அள்ளிப் போட்டுச் செய்த மலிவான ஃபவுண்டேஷன் மாநிற முகத்தில் சாம்பலாகத் தெரியும். கல்யாண ஆல்பத்தில் ஃப்ளாஷ் பட்ட முகம் மட்டும் வெளுத்து, கழுத்து வேறு நிறத்தில் நிற்பதற்கும் பல நேரம் காரணம் இதுவும் சிலிக்காத் துகள்களும்தான்.

மினுக்கத்துக்கு வருவது காக்காப்பொன், அதாவது மைக்கா. ஏடு ஏடாகப் பிரியும் இந்தக் கனிமத்தைப் பொடியாக்கி, ஒவ்வொரு சில்லின் மேலும் 40 முதல் 60 நானோமீட்டர் கனத்துக்கு டைட்டானியம் டை ஆக்சைடைப் பூசுகிறார்கள். ஒரு தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது அந்தப் பூச்சு. அதன் மேல்முகத்திலிருந்தும் அடிமுகத்திலிருந்தும் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கூடி முத்தின் வெண்மையைத் தருகின்றன. பூச்சு தடிக்கத் தடிக்க, எந்தச் சாயமும் கலக்காமலே, அது பொன்னாகவும் சிவப்பாகவும் நீலமாகவும் பச்சையாகவும் மாறும். சில்லின் அளவும் முக்கியம். இருபது மைக்ரோமீட்டருக்கு உள்ளிருந்தால் பட்டின் மென்மினுக்கம், பெரிதானால் ஜிகினா.

இதன் மூதாதை மீன் செதில். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஜாக்கன் என்ற ஜபமாலைக்காரர், மீன் செதிலிலிருந்து எடுத்த மினுங்கும் சாற்றைக் கண்ணாடி மணிகளுக்குள் பூசிப் போலி முத்து செய்தார். அந்த மினுக்கம் குவானின் படிகங்களுடையது. நம் டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றும் இதே குவானின்தான்.

மைக்காவுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி வட்டாரங்களில் கைவிடப்பட்ட சுரங்கங்களில் சிறுவர்கள் சில்லு பொறுக்கும் கொடுமை வெளிவந்த பின், 2017இல் ‘ரெஸ்பான்சிபிள் மைக்கா இனிஷியேட்டிவ்’ என்ற கூட்டமைப்பு உருவானது. சில நிறுவனங்கள் ஆய்வகத்தில் செய்த செயற்கை மைக்காவுக்கு மாறியுள்ளன. பாட்டிலின் பின்புறம் ‘சிந்தெட்டிக் ஃப்ளோர்ஃபிளோகோபைட்’ என்று இருந்தால் அது இதுதான்.

பூசும்போது நடப்பது

உலர்ந்த கன்னத்தில் நேராக ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தால் முதலில் நன்றாகத்தான் இருக்கும். சில நிமிடத்தில் கதை மாறும். எளிதில் ஆவியாகும் சிலிக்கோன்கள் பறந்துபோகின்றன. நீரைச் செதில்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. மிஞ்சிய நிறமி, தூக்கி நிற்கும் விளிம்புகளில் ஒதுங்கித் திட்டுத் திட்டாகிறது. மூக்கின் ஓரத்திலும் வாயைச் சுற்றியும் அதுவரை தெரியாத செதிலெல்லாம் கோடு போட்டுக் காட்டும்.

ஆகவே முதலில் மாய்ஸ்ச்சரைசர். முகம் ஈரமாக இருக்கும்போதே பூசி, சில நிமிடம் விட்டுவிட வேண்டும். நீர் ஏறிய செல்கள் உப்பிப் படிகின்றன, விளிம்புகள் தாழ்கின்றன. அதன் பிறகு ஃபவுண்டேஷன் குறைவாக, நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி. தேய்த்தால் செதில் மறுபடி எழும்பும். நிறம் பார்ப்பதானால் கையில் வேண்டாம். தாடை ஓரத்தில் தடவி, கழுத்தோடு ஒப்பிட்டு, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கொஞ்ச நேரம் பொறுத்தே முடிவெடுங்கள். முகத்தின் எண்ணெயில் நனையும் நிறமி சற்றுக் கறுத்துக் காட்டும்.

மேடறிந்து விழும் ஒளி

இவ்வளவு செய்தும் பொலிவு முகத்தில் முடிந்துவிடுவதில்லை. பொருளின் பளபளப்பை மூளை எப்படி அறிகிறது என்று 2007இல் மொட்டோயோஷி, நிஷிதா, ஷரண், ஏடல்சன் ஆகியோர் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். பெரும்பகுதி மங்கலாகவும் சிறு பகுதி மட்டும் மிகப் பிரகாசமாகவும் உள்ள பரப்பை நாம் பளபளப்பு என்று காண்கிறோம் என்பது அவர்கள் வாதம். ஆண்டர்சனும் கிம்மும் 2009இல் அதை மறுத்தார்கள். பிரகாசப் புள்ளிகள் இருந்தால் மட்டும் போதாது. வடிவத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்ற இடத்தில் அவை விழ வேண்டும், இடம் மாறினால் மூளை அவற்றை வெறும் வெள்ளைக் கறையாக எடுத்துக்கொள்ளும் என்று காட்டினார்கள்.

ஒப்பனைக் கலைஞர்கள் இதைக் கை அனுபவத்தில் அறிந்தே வைத்திருக்கிறார்கள். கன்ன எலும்பின் மேட்டில் மினுக்கம் வைத்தால் ஆரோக்கியம். மூக்கோரப் பள்ளத்தில் வைத்தால் வேர்வை. வறண்ட செதிலின் விளிம்பில் மைக்கா மின்னினால், அது கன்னத்தின் வடிவத்தைச் சொல்லாமல் செதிலின் வடிவத்தைச் சொல்கிறது. ஜிகினா பெருத்த ஃபவுண்டேஷன் வறண்ட முகத்துக்கு ஏன் ஆகாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

நம் நிறத்துக்கு ஒரு படி மேலே வெளுத்த ஷேடை எடுத்தால் பொலிவு வரும் என்ற கடைக்காரரின் யோசனையை அதனால் ஒதுக்கிவிடலாம். மேலே திரும்பும் அந்த 5 சதவீதத்தில் ஷேடுக்கு வேலையே இல்லை. கழுத்தின் நிறத்தையே வாங்குங்கள். ஃபவுண்டேஷன் ராத்திரி கழுவியதும் போய்விடும். செதில் அடுத்த நாளும் இருக்கும். மாய்ஸ்ச்சரைசர், ஃபவுண்டேஷன் இரண்டில் ஒன்றுக்குத்தான் கையில் காசு என்றால் மாய்ஸ்ச்சரைசரை வாங்குங்கள். காற்றை வெளியேற்றும் வேலையின் பெரும்பங்கை அது ஒன்றே செய்துவிடும்.