பஞ்சாரத்துக்குள் தனிப் பந்தி

முட்டையிடும் பெட்டைக்கு வலுவூட்டும் தீவனம், அதன் காலடியில் கீச்சிடும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு மூட்டைகளுக்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் முட்டைக்கோழித் தீவனத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கு கால்சியம். குஞ்சுத் தீவனத்தில் 1 பங்குதான். அந்த மூன்று பங்குதான் இவ்வளவு வேலையும் செய்கிறது.

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் லயத்து வீடுகளுக்குப் பின்னால் கோழி வளர்ப்பவர்களுக்கு இது அன்றாடச் சிக்கல். அடைக்கோழி ஒன்று, அதன் குஞ்சுகள், இன்னும் முட்டைக்கு வராத இரண்டு விடைகள், அதிகாரத்துக்கு ஒரு சேவல். எல்லாம் ஒரே முற்றத்தில்தான். தட்டை வைத்தால் எல்லாம் ஒரே தட்டில்தான் வந்து விழும்.

பெட்டைக்கு ஏன் அவ்வளவு கால்சியம்? ஒரு முட்டையின் ஓட்டில் மட்டும் சுமார் 2 கிராம் இருக்கிறது. கோழியின் எலும்புக்கூடு மொத்தத்தையும் கூட்டினாலே 20 கிராம்தான் தேறும். பத்து முட்டை இட்டால் தன் எலும்புக்கூடு முழுவதையும் ஒரு முறை வெளியே கொடுத்துவிட்டது என்று கணக்கு! அதுவும் ஓடு கட்டும் வேலை ஏறத்தாழ 20 மணி நேரம் நீள்கிறது. அதில் பெரும்பகுதி நடப்பது இரவில், கோழி பரண்கம்பில் கண்மூடி உட்கார்ந்திருக்கும்போது. குடலில் கால்சியம் தீர்ந்துபோனால் காலெலும்பின் உட்குழியில் இருந்து எடுத்துக்கொள்ளும். முட்டைக்கு வரும் பருவத்தில் அந்தக் குழிக்குள் புதிதாக ஓர் எலும்பு முளைக்கிறது. மஜ்ஜை இருக்கும் இடத்தில் வளர்வதால் அதை மஜ்ஜை எலும்பு என்று சொல்லலாம். அதற்குச் சேமிப்பதும் செலவழிப்பதும் மட்டுமே வேலை. 2005இல் தொல்லுயிரியலாளர் மேரி ஷ்வைட்சர் குழுவினர் டைரனோசாரஸ் என்ற டைனோசர் ஒன்றின் தொடையெலும்பில் இதே வகைத் திசுவைக் கண்டதாக அறிவித்தார்கள். லயத்துப் பெட்டையின் உறவுக்காரர்கள் சாமானியப்பட்டவர்கள் இல்லை.

குஞ்சுக்கு ஓடு கட்டும் வேலை இல்லை. வேண்டாத கால்சியத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்றியாக வேண்டும். பல வாரம் இப்படிப் போனால் சிறுநீரகம் சேதமடைகிறது. வெளியேற முடியாத யூரிக் அமில உப்பு இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாகப் படியும்.

கேமரன் மலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே ‘போ’ என்ற தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இந்த உயரத்தின் குளிரும் மழையும் தேயிலைக்குப் பிடித்தவை, புளிப்பு மண்ணும் அப்படியே. மலை கருங்கல், அதில் கால்சியம் குறைவு. கீழே ஈப்போவுக்கு இறங்கினால் சுண்ணாம்புக் குன்றுகளாக நிற்கின்றன, மேலே அவை இல்லை. புளிப்பு மண்ணில் நத்தையும் பெருகாது, ஓடு செய்ய அதற்கும் சுண்ணாம்பு வேண்டுமே. நெதர்லாந்தில் காட்டு மண் புளித்து நத்தைகள் குறைந்தபோது, பட்டாணிக்குருவிகள் ஓடு மெலிந்த முட்டைகளை இட்டன. 1994இல் இதை வெளியிட்ட ஆய்வாளர்கள், கால்சியம் கொடுத்ததும் ஓடு சரியானதையும் பார்த்தார்கள். கொழுந்துச் செடிகளுக்கு நடுவே நாளெல்லாம் கிளறினாலும் பெட்டைக்கு வேண்டியது கிடைக்காமல் போகலாம்.

தீர்வு எளிது, கொஞ்சம் குறும்பானதும்கூட. எல்லோருக்கும் கால்சியம் குறைந்த குஞ்சுத் தீவனத்தையே போட்டுவிட வேண்டும். அதில் புரதம் கூடுதல், பெரியவற்றுக்கு அதனால் கெடுதல் இல்லை. பிறகு, கிளிஞ்சல் துண்டுகளோ வறுத்து நொறுக்கிய முட்டை ஓடுகளோ தனிக் கிண்ணத்தில். யார் எவ்வளவு தின்பது என்று நாம் அளக்க வேண்டியதில்லை. கோழிக்குக் கால்சியத்துக்கென்றே ஒரு பசி இருக்கிறது. மறுநாள் முட்டையிடப் போகும் பெட்டை சாயங்காலம் அந்தக் கிண்ணத்துக்கு வந்து, ஒரு துண்டைக் கொத்தி, உதறி, வேறொன்றைப் பொறுக்கி விழுங்கும். சேவலும் குஞ்சுகளும் பெரும்பாலும் அதைச் சீண்டுவதில்லை. உணவுக் கணக்குப் போடும் மனிதர்கள் பொறாமைப்பட வேண்டிய திறமை.

இதில் இன்னொரு நுட்பம்: மாவாக இருக்கக் கூடாது. 2 முதல் 4 மில்லிமீட்டர் துண்டுகளாக இருக்க வேண்டும். கோழிக்குப் பல் இல்லை. வயிற்றின் இரண்டாம் அறையான அரைவைப்பைதான் அரைக்கிறது. மாவு அதில் தங்காமல் ஓடிவிடும். துண்டு அங்கேயே கிடந்து மெல்ல மெல்லக் கரைந்து, ஓடு கட்டும் இரவெல்லாம் படியளக்கும்.

அடுத்த சிக்கல் அடிதடி. பெரியவை குஞ்சைக் கொத்தித் துரத்தும். நார்வேயில் ஆய்வாளர் தோர்லைஃப் ஷெல்டருப்-எப்பே 1920களின் தொடக்கத்திலேயே கோழிகளின் இந்தக் கொத்து வரிசையை எழுதிவைத்தார். இதற்குப் பஞ்சாரமே போதும். நான்கு பக்கமும் செங்கல் முட்டுக்கொடுத்துப் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, உள்ளே தீவனத் தட்டை வைத்தால், குஞ்சுகள் அடியில் நுழைந்து தனிப் பந்தி போட்டுவிடும். பெட்டை கழுத்தை நீட்டிப் பார்க்கும், தோள் முட்டும், முணுமுணுத்துக்கொண்டே போய்விடும். குஞ்சு வளர வளரச் செங்கல்லையும் உயர்த்த வேண்டும்.

இரவில் வேட்டை விலங்குகள் வரும், கணக்கு தலைகீழாகும். சிறியதுகூட நுழையாத ஓட்டை வேண்டும். அமெரிக்காவில் கோழி வளர்ப்பவருக்குத் தூக்கம் கெடுப்பது ரக்கூன். அதன் கைவிரல்கள் தொட்டே பூட்டைப் படிக்கும். ஆய்வாளர் ஹெர்பர்ட் டேவிஸ் 1907ஆம் ஆண்டு வாக்கில் அதற்குப் பலவகைத் தாழ்ப்பாள்களைக் கொடுத்தே சோதித்தார். மலேசியக் காட்டில் ரக்கூன் இல்லை, முசாங் என்ற மரநாய் இருக்கிறது. அதற்கு அந்த விரல்வித்தை தெரியாது, ஆனால் மரத்திலும் கூரையிலும் பூனைபோல ஏறும். பிரதான உணவு பழம்தான். கோழிக்கூடு திறந்திருந்தால் விடாது. சிறுத்தைப் பூனையும் உண்டு, அது சட்டம் காக்கும் உயிர். அடித்துத் துரத்துவதைவிடக் கூட்டை அடைப்பதே வழி. அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை, கோழி வெளியேறாமல் தடுக்க வந்தது. பல்லுக்கும் நகத்துக்கும் ஈடுகொடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலையே வேண்டும். கூரையிலும் அது வேண்டும். அடியில் சுவரோடு நிறுத்தாமல் வெளிப்புறம் ஓர் அடிக்குத் தரையில் படுக்கவைத்துப் புதைத்தால், தோண்ட வரும் விலங்கு சுவரோரம் கால் வைக்கும்போதே வலை தட்டும். சற்றுத் தள்ளிப் போய்த் தோண்டலாமே என்ற யோசனை அவற்றுக்குப் பெரும்பாலும் வருவதில்லை.

இத்தனை செய்தும் தீவனத் தட்டை ராத்திரி உள்ளே விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள், பெட்டைக்கு இரவில் கால்சியம் வேண்டுமே என்ற நல்ல எண்ணத்தில். சிந்திய தீவனத்துக்கு எலி வரும், எலியைத் தேடிச் சிறுத்தைப் பூனையும் பாம்பும் வரும். பொழுது சாய்ந்ததும் தட்டை எடுத்துவிடலாம். விழுங்கிய கிளிஞ்சல் துண்டுகள் அரைவைப்பையில் இருக்கும்வரை பெட்டைக்கு அன்றிரவுக்கான சரக்கு கைவசம் இருக்கிறது.