விமானத்திற்கு எண்ணெய் நிரப்பும் விதிகளும் அவற்றின் காரணங்களும்

விமானத்தில் பயணம் செய்வோர் சாளரத்தின் வழியாகக் கீழே நோக்கினால், இறக்கையின் அடியில் ஒரு வண்டி நிற்பதையும், ஒருவர் தடித்த ரப்பர்க் குழாயை இறக்கையில் மாட்டுவதையும் காணலாம். காருக்குப் பெட்ரோல் ஊற்றுவது போன்ற எளிய வேலை என்றே அது தோன்றும். ஆனால், காரின் தொட்டி ஏறக்குறைய 50 லிட்டர்தான் கொள்ளும். போயிங் 747-400 ரக விமானமோ 2 லட்சம் லிட்டருக்கும் மேல் கொள்ளும். அந்த எண்ணெய் நிமிடத்திற்கு 1,000 லிட்டருக்கும் அதிகமான வேகத்தில் பாயக்கூடும். எனவே இப்பணிக்கென விதிகள் பல வகுக்கப்பட்டுள்ளன.

அவற்றுள் சில, பார்ப்பவர்க்கு வீண் சடங்கு போலத் தோன்றலாம். உண்மையில் அவை கண்ணுக்குப் புலப்படாத பகைகளைத் தடுப்பதற்கு எழுப்பிய வேலிகளாகும். செம்பனைத் தோட்டங்கள் இருந்த செப்பாங் வட்டாரத்தில் 1998-ஆம் ஆண்டு கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுள் சிலர் இத்தகைய நிலையங்களில் வேலைக்குச் செல்கின்றனர். ஆகவே, இது நம் வீட்டுச் செய்தியும் ஆகும்.

எண்ணெயின் இயல்பு

பெரிய விமானங்கள் பயன்படுத்தும் எண்ணெய்க்கு ஜெட் ஏ-1 என்று பெயர். அது நாம் விளக்கெரித்த மண்ணெண்ணெயின் இனத்தைச் சேர்ந்தது; மிகவும் தூய்மையாக்கப்பட்டது. தீப்பற்றுவது எண்ணெயன்று, எண்ணெயிலிருந்து எழும் ஆவியே என்பதை முதலில் மனத்தில் கொள்ளல் வேண்டும். ஜெட் ஏ-1 குறைந்தது 38 பாகை செல்சியஸ் வெப்பத்தை அடைந்தால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவியை எழுப்பும். அதனாலேயே அது பெட்ரோலைவிடப் பாதுகாப்பானது எனப்படுகிறது.

ஆனால், இதை நம்பி அசட்டையாக இருத்தல் கூடாது. நண்பகல் வெயிலில் நம் நாட்டு விமானத் தளத்தின் சிமெண்டுத் தரை 38 பாகையை எளிதில் தாண்டிவிடும். அங்கே சிந்திய எண்ணெய் விரைவில் சூடேறும். மேலும், எண்ணெய் பீறிட்டுப் பனிபோல் தெறிக்குமானால், 38 பாகைக்குக் கீழும் அது பற்றிக்கொள்ளும்.

தொட்டிக்குள் எண்ணெய் புகப்புக, உள்ளிருந்த காற்றும் ஆவியும் இறக்கையில் உள்ள துவாரங்களின் வழியே வெளியேறுகின்றன. எனவே, குழாய் மாட்டிய இடத்தைச் சுற்றி மட்டுமன்றி, அத்துவாரங்களைச் சுற்றியும் 3 மீட்டர் வட்டத்தை ஆபத்து எல்லையாகக் கொள்வது வழக்கம். அதற்குள் புகைத்தலும், தீப்பெட்டி வைத்திருத்தலும், கைப்பேசியைப் பயன்படுத்துதலும் ஆகா.

காணாத மின்சாரம்

உலர்ந்த தலைமயிரில் சீப்பைத் தேய்த்துக் காகிதத் துணுக்கின் அருகே பிடித்தால், துணுக்கு தாவி ஒட்டிக்கொள்ளும். பள்ளிப் பிள்ளைகள் அறிந்த சோதனை இது. உராய்வினால் பிறக்கும் இந்த மின்சாரம் எண்ணெய் ஓடும்போதும் உண்டாகிறது. குறிப்பாக, நுண்ணிய வடிகட்டியினூடே எண்ணெய் விரைந்து பாயும்போது மின்னேற்றம் மிகுதியாகும். நம் நாட்டுக் காற்று ஈரமானது, ஆகவே இங்கு அச்சமில்லை என்று எண்ணுவது தவறு. மின்னேற்றம் பிறப்பது குழாய்க்குள். வெளிக்காற்றின் ஈரம் அங்கே எட்டாது.

வண்டிக்கும் விமானத்துக்கும் மின்னழுத்தம் வேறுபட்டிருந்தால், இரண்டும் நெருங்கும் இடத்தில் பொறி தாவும். அந்த இடமோ எண்ணெய் வாய்! இதைத் தடுப்பதற்காகவே, வேலை தொடங்குமுன் ஓர் உலோகக் கம்பியால் வண்டியையும் விமானத்தையும் இணைக்கின்றனர். இரண்டின் மின்னழுத்தமும் சமமாகிவிட்டால் பொறி பிறவாது. கம்பியின் கவ்வியை வண்ணம் பூசிய இடத்தில் மாட்டினால் பயனில்லை; அதற்கென அமைந்த வெற்று உலோகத்தில் மாட்ட வேண்டும்.

இங்கே வரிசை முக்கியம். முதலில் கம்பி, பிறகு குழாய். முடிக்கும்போது முதலில் குழாயைக் கழற்றி, கடைசியாகக் கம்பியை எடுக்க வேண்டும். வரிசை மாறினால், கம்பி இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

உடையைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. நைலான் போன்ற ஆடைகள் மின்னேற்றத்தை எளிதில் உண்டாக்குவதால் அவற்றைத் தவிர்த்தல் நன்று. உடை எண்ணெயில் நனைந்துவிட்டால், பதறி அதை உருவி எறிதல் கூடாது. உருவும்போதே பொறி பிறக்கலாம். எரியக்கூடிய எதனிடமிருந்தும் விலகி, முதலில் உடையை நீரால் நன்கு நனைத்து, அதன் பின்னரே களைய வேண்டும். இச்சிறு செய்தி ஓர் உயிரைக் காக்க வல்லது.

கை தளர்ந்தால் நிற்கும் எண்ணெய்

எண்ணெய் நிரப்புபவர் கையில் ஒரு பிடியை அழுத்திக்கொண்டே இருப்பார். அழுத்தும் வரைதான் எண்ணெய் ஓடும். அவர் மயங்கினாலும், ஓடினாலும், கையை விட்டாலும் ஓட்டம் நின்றுவிடும். நீண்ட நேரம் அழுத்திக் கை வலிக்கிறது என்று அப்பிடியைக் கயிற்றால் கட்டிவைப்பதோ, கட்டையைச் செருகிவைப்பதோ பெருங்குற்றம். அப்படிச் செய்பவர் தமக்குக் காவலாய் நின்றவனைத் தாமே கட்டிப்போட்டவர் ஆவார்.

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் அமெரிக்காவின் டென்வர் விமான நிலையத்தில் ஒரு போயிங் 777 விமானத்திற்கு எண்ணெய் நிரப்பப்பட்டுக் கொண்டிருந்தது. இறக்கையில் குழாய் மாட்டியிருந்த வாய் முறிந்தது. எண்ணெய் பீறிட்டுத் தீ மூண்டது. விமானத்தினுள் இருந்தோர் உயிர் தப்பினர். எண்ணெய் நிரப்பிய தொழிலாளி தீக்காயங்களால் மாண்டார். குழாயைக் கோணலாக இழுத்தல் கூடாது, வாயின் பிடிப்பைச் சோதிக்காமல் மாட்டுதல் கூடாது என்னும் விதிகளின் கனம் இப்போது விளங்குமன்றோ!

பயணிகள் உள்ளே இருக்கும்போது எண்ணெய் நிரப்புவதற்கும் நிபந்தனைகள் உண்டு. பணியாளர் வாயில்களில் ஆயத்தமாக நிற்க வேண்டும். உள்ளே இருப்போரும் வெளியே இருப்போரும் உடனுக்குடன் பேசிக்கொள்ள வழி வேண்டும். தப்பியோடும் வழியை எந்த வண்டியும் மறித்து நிற்றல் கூடாது. இருக்கை வாரைக் கழற்றியிருக்குமாறு பயணிகளை வேண்டுவதும் விரைந்து எழுந்து வெளியேறுவதற்காகவே. அருகில் இடி மின்னல் தோன்றினால் வேலையை நிறுத்திவிட வேண்டும். பிற்பகல் தோறும் வானம் கறுக்கும் நம் நாட்டில் இது பொன்னான விதி.

நீர் என்னும் பகை

தீயை அஞ்சும் நாம் நீரை அஞ்சுவதில்லை. விமானத்திற்கோ நீரும் பகையே. உயரத்தில் நிலவும் கடுங்குளிரில் எண்ணெயில் கலந்த நீர் பனிக்கட்டியாகிக் குழாயை அடைத்துவிடும். தொட்டியின் அடியில் தங்கிய நீரில் நுண்ணுயிர்களும் வளரும். எனவே, எண்ணெயைக் கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்து, தெளிவாகவும் பளிச்சென்றும் இருக்கிறதா எனப் பார்ப்பர். நீர் பட்டால் நிறம் மாறும் மருந்து கொண்டும் சோதிப்பர்.

இச்சோதனைகள் எத்துணை இன்றியமையாதவை என்பதற்கு நம் அண்டை நாட்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து ஹாங்காங்கிற்கு 322 பேருடன் ஓர் ஏர்பஸ் ஏ330 விமானம் புறப்பட்டது. ஹாங்காங்கை நெருங்கும்போது இரண்டு எஞ்சின்களும் விமானியின் கட்டளைக்குப் பணியவில்லை. ஒன்று வேகமாகவே சுழன்றது. மற்றொன்று மிகவும் மந்தமாகச் சுழன்றது. விமானிகள் அரும்பாடுபட்டு, வழக்கத்தைவிட மிக்க வேகத்தில் தரையிறக்கினர். அவசரமாக வெளியேறும்போது பலர் காயமுற்றனர், உயிர்ச்சேதம் இல்லை.

காரணம் என்ன? சுராபாயாவின் நிலத்தடி எண்ணெய்க் குழாய்களில் உப்புநீர் கலந்திருந்தது. நீரை உறிஞ்சுவதற்காக வடிகட்டியில் வைத்திருந்த பொருள், உப்புநீர் பட்டதால் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகப் பிரிந்து எண்ணெயோடு விமானத்திற்குள் சென்றது. அவ்வுருண்டைகள் எஞ்சினின் எண்ணெய்க் கட்டுப்பாட்டு உறுப்புகளை இறுகச் செய்தன. பிழை நிகழ்ந்தது தரையில். அதன் விளைவு தோன்றியது வானத்தில்.

சிந்தினால் செய்ய வேண்டியவை

எண்ணெய் சிந்திவிட்டால் முதலில் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். ஆட்களை விலக்கி, தீயணைப்புப் படைக்கு அறிவிக்க வேண்டும். அங்கு நிற்கும் எந்த வண்டியின் எஞ்சினையும் புதிதாக முடுக்குதல் கூடாது. விலகிப் போவதற்காகக் கூட ஆகாது. சிந்தியதைச் சாக்கடையில் கழுவி விடுவதும் தவறு. கழுவிய எண்ணெய் மறைகிறதேயன்றி ஒழிவதில்லை. அதன் ஆவி வேறிடத்தில் பொறியை எதிர்பார்த்துக் காத்திருக்கும்.

ஆவியைக் கண் காணாது. மின்னேற்றத்தைக் கை உணராது. எண்ணெயில் கரைந்த நீரை நாவும் அறியாது. புலன்கள் கைவிடும் இடத்தில் மனிதனுக்குத் துணை நிற்பது விதி ஒன்றே. "இத்தனை நாள் ஒன்றும் நேரவில்லையே" என்று சொல்லி விதியைத் தளர்த்துவோர் பலர். இத்தனை நாள் ஒன்றும் நேராதது அவ்விதியால்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். விமான நிலைய வேலைக்குச் செல்லும் இளைஞர் ஒவ்வொருவரும் விதியை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், அதன் காரணத்தையும் கேட்டறிதல் வேண்டும். காரணம் அறிந்த விதியை எவரும் எளிதில் மீறுவதில்லை.