பூவைப் பார்த்துச் சொல்லுங்கள்

லண்டனிலிருந்து மருமகள் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். பின்வளவுப் புல்லுக்குள் படர்ந்த கொடி, மும்மூன்றாய் இலை, உருண்டையான சின்னச் சிவப்புப் பழம். “மாமா, இது ஸ்ட்ரோபெரிதானே? மகன் ஒண்டப் பிச்சி வாயில போட்டுட்டான்.”

“பூ இருந்தா அதையும் எடுத்து அனுப்பு மகள்” என்றேன்.

இலையையும் கொடியையும் வைத்து இதைப் பிரித்தறிவது லேசல்ல. ஸ்ட்ரோபெரியும் சரி, இதுவும் சரி, நம் கிணற்றடி வல்லாரையைப் போல ஓடுதண்டு விட்டுக் கணுவுக்குக் கணு வேரூன்றிப் போகும். இரண்டிலும் நாம் பழம் என்று கடிப்பது பூவின் அடித்தளம் ஊதிச் சிவந்த சதை. விதை என்று நினைக்கும் ஒவ்வொரு புள்ளியும்தான் தனித்தனிப் பழம்.

சங்கதி பூவில்தான் இருக்கிறது. நுவரெலியாவில் பெட்டி பெட்டியாக வாங்கி வருகிறோமே, அந்த ஸ்ட்ரோபெரிக்குப் பூ வெள்ளை. மருமகளின் இரண்டாவது படத்தில் இருந்ததோ நல்ல மஞ்சள், ஐந்து இதழ். இதழ்களுக்குப் பின்னால், நுனியில் மூன்று பல் வெட்டிய பச்சை இலைகள் சட்டைக் கொலர் மாதிரி விரிந்திருந்தன. ஸ்ட்ரோபெரிப் பழம் கனத்தில் தலைகுனியும்; இது வானத்தைப் பார்த்து நிற்கும். புள்ளிகளும் சிவப்பாய்ப் புடைத்திருக்கும். வெட்டினால் உள்ளே வெள்ளைப் பஞ்சு. மணமில்லை, இனிப்பில்லை, நஞ்சும் இல்லை.

பொட்டென்டில்லா இண்டிகா என்பது இதன் பெயர். இமயமலைப் பக்கத்திலும் ஊட்டி, கொடைக்கானல் மலைகளிலும் தானாக வளரும். சீனர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் இது பாம்பு ஸ்ட்ரோபெரி. அழகுக்கென்று ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வேலி தாண்டிக் களையாகிவிட்டது. எங்கள் கல்முனை மணலும் வெயிலும் இதற்கு ஒத்துவராது.

1807 இல் ஹென்றி அண்ட்ரூஸ் இதை ஸ்ட்ரோபெரிப் பேரினத்திலேயே சேர்த்தார். 1811 இல் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் பிரித்தெடுத்து, டுஷெனியா என்று தனிப்பெயர் வைத்தார். அந்தோன் நிக்கோலா டுஷேனைச் சிறப்பிக்க வைத்த பெயர் அது. இருபது வயது நிரம்பும் முன்பே, 1766 இல், ஸ்ட்ரோபெரிகளைப் பற்றி ஒரு முழு நூல் எழுதியவர். தோட்ட ஸ்ட்ரோபெரி வர்ஜீனியா, சிலி இனங்களின் கலப்பு என்று கண்டுசொன்னவர். அசலை அப்படி ஆராய்ந்த மனிதருக்குப் போலியின் பெயர்தான் கிடைத்தது. பிறகு செடியைப் பொட்டென்டில்லாவுக்கு மாற்றியபோது அதுவும் போயிற்று. எனக்கு இதில் மனத்தாங்கல்தான்.

மருமகளிடம் ஒன்றுதான் கேட்டேன்: புல்லுக்குக் களைநாசினி அடித்திருக்கிறார்களா?

“அடிக்கல்லயாம் மாமா. அவனும் துப்பிட்டான். தண்ணி மாதிரி இருந்திச்சாம்.”