மூழ்க 273 மில்லிலிட்டர்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி கட்டிய டைப் 7சி நீர்மூழ்கியின் நீளம் 67.1 மீட்டர். அந்த ஒரு வகையில் மட்டும் 568 கலங்கள் சேவைக்கு வந்தன. அடுத்து வந்த 7சி/41 வகையைச் சேர்ந்த யு-995, கீல் நகருக்கு அருகே லபோ கடற்கரையில் 1972 முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது. ரெவெல் நிறுவனம் இந்தக் கலத்தை 1:72 அளவில் பிளாஸ்டிக் கிட்டாகக் கொண்டுவந்தது. ஒட்டி முடித்தால் 93 செ.மீ. நீளம். அலமாரியில் வைப்பதற்கென்றே செய்யப்பட்ட மாதிரி அது. அதைத் தண்ணீருக்குள் இறக்கி ரேடியோவில் ஓட்ட ஆசைப்படுகிறவர் பணக்கணக்கு, எடைக்கணக்கு என்று இரண்டு எழுத வேண்டியிருக்கும். பணத்தில் நூறு யூரோ கூடினால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். எடையில் பத்து கிராம் பிசகினால் கலம் மூழ்க மறுக்கும், அல்லது போன இடத்திலேயே தங்கிவிடும்.

நீளம் 72இல் ஒரு பங்கு ஆகும்போது எடை 3,73,248இல் ஒரு பங்காகிறது. அசல் கலம் நீர்மேல் நிற்கையில் 769 டன், மூழ்கினால் 871 டன். மாதிரிக்கு வகுத்தால் 2.06 கிலோ, 2.33 கிலோ. இடைவெளி 273 கிராம். அதாவது ஒரு தம்ளருக்குச் சற்றுக் கூடுதலான தண்ணீரை உள்ளே வாங்கி வெளியே தள்ளுவதுதான் மொத்த வித்தை.

அந்தத் தண்ணீரை எங்கே வைப்பது? அசல் கலத்தில் மாலுமிகள் இருந்த அழுத்த உடலின் விட்டம் 4.7 மீட்டர். மாதிரியில் அது 65 மி.மீ. வெளி விட்டம் 65, சுவர் 3 மி.மீ. என்று ஓர் அக்ரிலிக் குழாய் எடுத்தால் அசலின் அழுத்த உடல் இருந்த இடத்திலேயே அது உட்கார்ந்துகொள்ளும். உள் விட்டம் 59 மி.மீ.; அதில் 10 செ.மீ. நீளத்தைத் தடுத்தால் சரியாக 273 மில்லி பிடிக்கும். எண்கள் இப்படி ஒத்துப்போவது அபூர்வம்.

குழாய் 40 செ.மீ. என்று வைத்து எடைக்கணக்கைப் போடலாம். அது விலக்கும் தண்ணீர் 1,327 கிராம். தொட்டி நிறைந்தால் மிச்சத் தூக்கும் விசை 1,054. செலவுப் பக்கத்தில்: குழாய்ச் சுவர் 276, ஒரு செ.மீ. கனத்தில் நான்கு அடைப்புத் தட்டுகள் 129, 18650 பேட்டரி இரண்டு 92, ஒன்பது கிராம் சர்வோ மூன்று 27. மோட்டார் இரண்டுக்கு 140, ரிசீவருக்கும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் 60 என்பது என் மதிப்பீடு. கூட்டினால் 724. மீதி 330. இதை ஈயத்தால் நிரப்ப வேண்டும். நீருக்குள் ஈயமும் கொஞ்சம் மிதப்பு பெறுவதால் தராசில் 362 கிராம் வைத்தால்தான் உள்ளே 330 ஆக வேலை செய்யும். கலம் குடைசாயாமல் இருக்க அது முழுவதும் அடிக்கட்டையில் போக வேண்டும்.

கிட்டின் பிளாஸ்டிக்கை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். பாலிஸ்டைரீனின் அடர்த்தி 1.05. ஒரு கிலோ பிளாஸ்டிக் நீருக்குள் 48 கிராம்தான் கனக்கும். உடலில் துளையிட்டுத் தண்ணீரைத் தாராளமாக உள்ளே விட்டுவிடுவதால் வெற்றிடமும் கணக்கில் வராது. நீருக்கு வெளியே வந்ததும் அதே பிளாஸ்டிக் முழு எடையையும் காட்டிவிடும். 273 மில்லி தொட்டியால் நீர்மட்டத்துக்கு மேல் தூக்கி நிறுத்த முடிந்தது 287 கிராம். தளம், கோபுரம், பீரங்கி, கம்பி வேலி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பெயின்ட்டையும் நிரப்புப் பசையையும் வாரி அப்புகிறவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள்.

அசல் கலம் சுமார் 30 வினாடியில் முழுகிவிடும். மாதிரிக்குக் காலத்தை 72இன் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் 8.5ஆல், வகுக்க வேண்டும்: 3.5 வினாடி. வினாடிக்கு 78 மில்லி உள்ளே பாய வேண்டும். மோட்டார் வைத்து இழுக்கும் பிஸ்டன் தொட்டி நிதானமானது, துல்லியமானது. இந்த வேகம் அதற்கு எளிதல்ல. மேலே வால்வைத் திறந்து தண்ணீரை விட்டு, திரவ வாயுவால் வெளியே தள்ளும் முறைக்கு இது சாத்தியம். வாயு பியூட்டேனாக இருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் ஒருமுறை எழும்ப 0.7 கிராம் போதும்.

ரேடியோவில் புதியதை வாங்குவது வீண். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை நல்ல தண்ணீரிலேயே சுமார் 4 செ.மீ.க்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். பழைய 40 மெகாஹெர்ட்ஸ் செட் குளத்து நீரில் தாராளமாக ஒரு மீட்டர் எட்டும். கடலில் அதற்கும் அதே 4 செ.மீ. கதிதான்.

பணக்கணக்கைச் சுருக்கமாகவே சொல்லலாம். கிட் நூறு யூரோவுக்கு முன்பின். அதற்குள் போகும் நீர்புகாக் குழலைத் தயாராக வாங்கினால் பல நூறு. அந்தக் காசு இரண்டு புரொப்பல்லர் தண்டுகளும் மூன்று சுக்கான் கம்பிகளும் வெளியே வரும் ஐந்து துளைகளுக்குப் போகிறது. அசலின் 230 மீட்டர் ஆழம் மாதிரிக்கு 3.2 மீட்டர், அங்கே ஒவ்வோர் அடைப்புத் தட்டையும் தண்ணீர் 8.7 கிலோ விசையோடு அழுத்தும். சில ரூபாய் ஓ-ரிங் அதைத் தாங்கும், தண்டு நேராக இருந்தால்.

எடைக்கணக்கில் இன்னும் ஒரு வரி இருக்கிறது. 20 டிகிரி நீரில் சரிபார்த்த கலம் 30 டிகிரி நீரில், குழாய் விரிவதை விட்டுவிட்டு அதன் கணக்கில் மட்டுமே, ஏறத்தாழ 3 கிராம் கனத்துப்போகும். ஆகவே ஈயத்தில் 340 கிராமை ஒட்டிவிட்டு, மீதியைச் சிறு துண்டுகளாக, கழற்ற முடிகிற மாதிரி வைப்பது நல்லது.