குளிக்கும்போது கையில் கடிகாரம் வேண்டுமா?

காலத்தைக் காட்டுவது கடிகாரம் என்பது யாவரும் அறிந்ததே. நம் தாத்தாமார்கள் மணி பார்ப்பதற்காக மட்டுமே அதைக் கையில் கட்டினார்கள். குளிக்கப் போகுமுன் கழற்றி அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் போவார்கள். இன்று வந்துள்ள ஸ்மார்ட் வாட்சோ நாடித் துடிப்பை எண்ணுகிறது. நடந்த அடிகளைக் கணக்கிடுகிறது. தூங்கும்போதும் கையிலேயே இருக்கிறது. அப்படியானால் குளிக்கும்போதும் அதைக் கட்டியிருக்கலாமா?

இக்கேள்வி எங்கள் வகுப்பில் எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. வீட்டில் வானொலி பாடிக்கொண்டிருந்ததால் அவர் கூப்பிட்ட குரல் வெகுநேரம் எவர் காதிலும் விழவில்லை. நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. அதன்பின் தோழியின் மாமா, விழுந்தால் தானே செய்தி அனுப்பும் ஸ்மார்ட் வாட்ச் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். பாட்டியோ, "இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைத் தண்ணீரில் நனைக்கலாமா?" என்று குளிக்கும் நேரம் மட்டும் கழற்றி வைத்துவிடுகிறார்! விழக்கூடிய இடத்தில் கடிகாரம் கையில் இல்லை. பாட்டி செய்வது சரியா, தவறா? விடை காண முயன்றோம்.

நீர் புகாத கடிகாரம்

கடிகாரத்திற்கும் தண்ணீருக்கும் உள்ள பகை பழையது. 1926ஆம் ஆண்டில் ரோலக்ஸ் நிறுவனம் 'ஆய்ஸ்டர்' என்ற நீர் புகாத கைக்கடிகாரத்தை வெளியிட்டது. ஆய்ஸ்டர் என்றால் சிப்பி. சிப்பியைப் போல் இறுக மூடிக்கொள்ளும் என்பது பொருள். மறு ஆண்டு அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி அக்கடிகாரத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஆங்கிலக் கால்வாயில் நீந்தினார். அதே மாதத் தொடக்கத்தில்தான் அவர் அக்கால்வாயை நீந்திக் கடந்த முதல் பிரிட்டிஷ் பெண் என்ற பெருமையைப் பெற்றிருந்தார். இம்முறை கடுங்குளிர் காரணமாகப் பத்து மணி நேரத்திற்குப் பின் அவரைப் படகில் ஏற்றிவிட்டார்கள். ஆனால் கடிகாரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது!

நீரைத் தடுப்பது எது? மூடியும் உடலும் சேரும் இடத்தில் உள்ள மெல்லிய ரப்பர் வளையம்தான். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் கேஸ்கட்டை நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். கேஸ்கட் புதிதாக இருக்கும்போது நீராவி வெளியேறாது. நாளாக நாளாக அது இறுகிக் கெட்டிப்பட்டு, ஓரத்தில் கசியத் தொடங்கும். கடிகாரத்தின் வளையத்திற்கும் இதே கதிதான். ஆகவே நீர் புகாத தன்மை வாங்கிய நாள்போல் என்றும் இருப்பதில்லை.

அழுத்தக் கணக்கு

பல ஸ்மார்ட் வாட்சுகளின் பின்புறத்தில் '5 ஏ.டி.எம்.' அல்லது '50 மீட்டர்' என்று பொறித்திருக்கிறார்கள். ஏ.டி.எம். என்றவுடன் பணம் தரும் இயந்திரம் நம் நினைவுக்கு வரும். இங்கே அது வளிமண்டல அழுத்தத்தைக் குறிக்கும். சுமார் 10 மீட்டர் உயர நீர் தரும் அழுத்தம் ஒரு வளிமண்டல அழுத்தத்திற்குச் சமம். எனவே 5 ஏ.டி.எம். என்பது 50 மீட்டர் ஆழ நீரின் அழுத்தம். ஐ.எஸ்.ஓ. 22810 என்ற சர்வதேசத் தரப்படி சோதித்து இந்த எண்ணைப் பொறிப்பார்கள். 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கி முத்தெடுக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. முக்குளிப்போருக்கென்று வேறு தரமும் வேறு கடிகாரமும் உண்டு.

இனி நம் குளியலறையின் அழுத்தம் எவ்வளவு என்று பார்ப்போம். மாடித் தொட்டியின் நீர்மட்டம் ஷவருக்கு மேல் 3 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். வகுப்பில் படித்த வாய்பாட்டின்படி, நீரின் அடர்த்தி 1000, புவியீர்ப்பு முடுக்கம் 9.8, உயரம் 3. மூன்றையும் பெருக்கினால் 29,400 பாஸ்கல் கிடைக்கிறது. ஒரு வளிமண்டல அழுத்தம் 1,01,325 பாஸ்கல். அப்படியானால் நம் ஷவரின் அழுத்தம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! வாளியிலிருந்து செம்பால் மொண்டு ஊற்றினால் இன்னும் குறைவு. வெறும் தண்ணீரைப் பொறுத்தவரை, 5 ஏ.டி.எம். கடிகாரம் பயப்படத் தேவையில்லை என்பது இதனால் தெளிவாகிறது.

அப்படியிருந்தும் பல நிறுவனங்கள் குளியலில் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வது ஏன்? காரணம் நாம் தண்ணீரால் மட்டும் குளிப்பதில்லை.

சோப்பும் வெந்நீரும்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறு சோதனை செய்தோம். ஒரு தம்ளர் தண்ணீரின் மேல் தையல் ஊசியை மெதுவாகப் படுக்க வைத்தோம். அது மிதந்தது. பின் ஓரத்தில் ஒரு சொட்டு சோப்புக் கரைசலை விட்டோம். மறுகணமே ஊசி மூழ்கிவிட்டது! நீரின் மேற்பரப்பு ஒரு மெல்லிய தோலைப் போல் இழுபட்டு நிற்கிறது. இதைப் பரப்பு இழுவிசை என்கிறோம். இதனால்தான் நுண்ணிய இடுக்குகளில் நீர் எளிதில் நுழைவதில்லை. சோப்பு இந்த இழுவிசையைப் பாதிக்கும் கீழாகக் குறைத்துவிடும். வெறும் நீர் நுழையாத இடுக்கிலும் சோப்பு நீர் நுழைந்துவிடும். ஷாம்பும் அப்படியே. சீயக்காயிலும் நுரை தரும் சபோனின் என்ற பொருள் இருப்பதால் அதுவும் இவ்வேலையைச் செய்யும். எண்ணெய்க் குளியல் என்றால் இன்னொரு தொல்லை: எண்ணெய் சில வகை ரப்பரை உப்பச் செய்து கெடுத்துவிடும்.

அடுத்தது வெந்நீர். சூட்டில் கடிகாரத்தின் உலோகமும் கண்ணாடியும் ரப்பரும் ஒரே அளவில் விரிவதில்லை. உள்ளே இருக்கும் காற்றும் விரிகிறது. குளிர்ந்ததும் அது சுருங்கி, வெளியே உள்ள ஈரத்தை உள்ளே இழுக்கப் பார்க்கிறது. தினந்தோறும் இப்படி நடந்தால் வளையம் தளர்ந்துவிடும். நீராவியோ தண்ணீர்த் துளியைவிட நுண்ணியது; துளி நுழையாத இடத்திலும் நுழைந்து, உள்ளே குளிர்ந்து, கண்ணாடிக்கு அடியில் பனி படிந்தாற்போல் நிற்கும்.

நம் தோலையும் மறக்கக் கூடாது. பட்டைக்கு அடியில் சோப்பும் ஈரமும் தங்கினால் அரிப்பும் தடிப்பும் உண்டாகும்.

யாருக்கு எது நல்லது?

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்து இரண்டு முடிவுகளுக்கு வந்தோம்.

ஓடியாடித் திரியும் நம்மைப் போன்றோர் குளிக்கும்போது கடிகாரத்தைக் கழற்றிவிடுவதே நல்லது. ஸ்மார்ட் வாட்சை அடிக்கடி சார்ஜ் செய்ய வேண்டும் அன்றோ? அதற்கு ஏற்ற நேரம் குளிக்கும் நேரம்தான். கடிகாரத்திற்கு உணவு, நமக்குக் குளியல்!

ஆனால் பாட்டியின் நிலை வேறு. 2018ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் கடிகாரத்தில் விழுவதை அறியும் வசதியைச் சேர்த்தது. பின்னர் வேறு சில நிறுவனங்களும் சேர்த்தன. கை திடீரென வேகமாக அசைந்து, மோதி, பின் அசைவற்றிருப்பதை உள்ளே உள்ள நுண்கருவிகள் உணர்ந்து உதவிக்கு அழைக்கின்றன. வழுக்கும் தரையுள்ள இடத்தில்தான் இதற்கு வேலை அதிகம். ஆகவே முதியோர் இதைக் குளியலறையிலும் கட்டியிருப்பதே பொருத்தம். அதற்குச் சில விதிகள் உண்டு.

பின்புறத்தில் நீர் காப்பு எண் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். தோல் பட்டையை மாற்றி சிலிக்கான் பட்டை போட வேண்டும். நீர்த்துளி பட்டால் தொடுதிரை அதை விரல் என்று எண்ணிவிடும். எனவே திரையைப் பூட்டும் வசதி இருந்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல் வெதுவெதுப்பாக்கிக்கொள்ள வேண்டும். சோப்புப் பட்டால் நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, நன்கு உலர்ந்தபின்பே சார்ஜ் செய்ய வேண்டும். கீழே விழுந்து கண்ணாடி விரிசல் கண்ட கடிகாரத்தைத் தண்ணீர் அருகில் கொண்டுபோகக் கூடாது.

எங்கள் தோழி இவற்றையெல்லாம் பாட்டியிடம் விளக்கினாள். பாட்டி அரைமனத்தோடு சம்மதித்தார். இப்போது மாலையில் குடும்பத்தோடு அமர்ந்து ஜெபமாலை சொல்லும் நேரத்தில்தான் கடிகாரம் சார்ஜில் இருக்கிறது. அந்நேரம் வீட்டார் அனைவரும் பாட்டியைச் சுற்றி இருக்கிறார்கள் அல்லவா?

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. மெதுவாகச் சரிந்து விழுவதைக் கடிகாரம் அறியாமலும் போகலாம். ஆதலால் பாட்டி இப்போது கதவைத் தாழிடாமல் சாத்தி மட்டும் வைக்கிறார். தரையில் வழுக்காத விரிப்புப் போட்டிருக்கிறார்கள். தோழியும் அவ்வப்போது வெளியே நின்று, "பாட்டி, குளிச்சாச்சா?" என்று குரல் கொடுக்கிறாள்.

கடிகாரம் கெட்டால் பழுது பார்க்கலாம், இன்னொன்று வாங்கலாம். நம்மை வளர்த்த பெரியோருக்கு ஈடாக எந்தக் கடையில் எதை வாங்க முடியும்? விஞ்ஞானம் தரும் கருவிகளை அறிவோடு பயன்படுத்துவோம். அக்கருவிகளோடு நம் காதுகளையும் திறந்து வைத்து, வீட்டிலுள்ள முதியோரை அன்போடு காப்போம். அதற்கான நல்ல மனத்தை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக!